பழைய உடல், புதிய எலும்பு

நெடுஞ்சாலையில் ஒரு விசித்திரமான வண்டி போவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதற்குக் கூரை கிடையாது, சுவர் கிடையாது, கதவும் கிடையாது. நீளமான இரண்டு இரும்புச் சட்டங்கள், ஓர் எஞ்சின், சக்கரங்கள், ஓர் இருக்கை, இவ்வளவுதான். ஓட்டுநர் வெட்டவெளியில் உட்கார்ந்து ஓட்டிச் செல்வார். இதுதான் பேருந்தின் சேசிஸ், அதாவது அடிச்சட்டம். கரூர் போன்ற ஊர்களில் உள்ள பட்டறைகளில் இதன் மேல் ‘பாடி’ கட்டிய பிறகே இது பேருந்து என்னும் உருவத்தைப் பெறுகிறது.

பேருந்தில் அடிச்சட்டம் வேறு, உடல் வேறு. அப்படியானால், ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய காரின் உடலைக் கழற்றி, பிற்காலத்து ஸ்போர்ட்ஸ் காரின் சேசிஸ் மேல் வைக்க முடியுமா? அமெரிக்காவில் பழைய கார்களின் மீது மோகம் கொண்ட சிலர் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் இது சட்டை மாற்றுவது போன்ற வேலை அன்று. ஏன் என்று பார்ப்போம்.

இரண்டு கார்கள்

1960-களில் அமெரிக்கக் கம்பெனிகள் நடுத்தர அளவுள்ள கார்களில் மிகப் பெரிய எஞ்சின்களைப் பொருத்தி விற்றன. இவற்றுக்கு ‘மஸில் கார்’, அதாவது தசைபலம் மிக்க கார் என்று பெயர் வந்தது. 1970-ஆம் ஆண்டின் செவர்லே செவல் இவற்றுள் புகழ் பெற்றது. அதில் 7.4 லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சினும் கிடைத்தது. நேர்ச்சாலையில் அது புலியாகப் பாயும். வளைவு வந்தால் தடுமாறும். கனத்த வார்ப்பிரும்பு எஞ்சின் முன்பக்கத்தை அழுத்துவது ஒரு காரணம். பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே விறைப்பான அச்சில் இருப்பது இன்னொரு காரணம். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மற்றதும் சாய்ந்துவிடும்.

அதே கம்பெனி 1997 முதல் 2004 வரை தயாரித்த ஐந்தாம் தலைமுறைக் கார்வெட் வேறு வகை. அதன் கியர் பெட்டி எஞ்சினுக்குப் பின்னால் ஒட்டியிராமல் பின்சக்கரங்களுக்கு அருகே இருக்கிறது. அதனால் காரின் எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிகிறது. நான்கு சக்கரங்களும் தனித்தனியே மேலும் கீழும் அசையும்.

பக்கச் சட்டங்கள் செய்யப்பட்ட விதமும் வியப்பானது. எஃகுக் குழாயை அச்சுக்குள் வைத்து, அதனுள்ளே மிகுந்த அழுத்தத்தில் நீரைச் செலுத்துவார்கள். குழாய் உப்பி அச்சின் வடிவத்தைப் பெற்றுவிடும். பல துண்டுகளை ஒட்டவைக்க வேண்டிய அவசியம் இல்லை. கார்வெட்டின் வெளித்தகடுகள் இழை கலந்த பிளாஸ்டிக்கால் ஆனவை. அவை பாரம் தாங்குவதில்லை. அவற்றைக் கழற்றிய பிறகும் எலும்புக்கூடு மட்டும் தனியே ஓடும். செவலின் உடலை ஏற்க இந்தச் சேசிஸைத் தேடிப் போவது இதனால்தான்.

அட்டைப் பெட்டிச் சோதனை

காலணி வாங்கும்போது வரும் அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியை நீக்கிவிட்டு இரு முனைகளையும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்குங்கள். எளிதில் முறுகும். இனி மூடியைப் போட்டு, ஓரங்களைச் சுற்றிலும் பசைத்தாள் ஒட்டி முறுக்குங்கள். பெட்டி அசைந்து கொடுக்காது. அட்டை அதேதான், மூடிய வடிவமே வலிமையைத் தந்தது.

பல கார்கள் இந்த மூடிய பெட்டியைப் போன்றவை. தரை, கூரை, தூண்கள் எல்லாம் ஒன்றாக இணைந்து பாரத்தைத் தாங்குகின்றன. 1967 முதல் 1969 வரை வந்த கேமரோ இத்தகையது. எஞ்சினைத் தாங்கும் முன்பகுதிச் சட்டம் மட்டுமே அதில் தனி. இதன் தரையை வெட்டி எடுத்தால் பெட்டியின் அடிப்பக்கத்தைக் கிழித்தது போலாகும்.

செவல் அப்படியன்று. அதன் உடல் தனியான சட்டகத்தின் மேல், ரப்பர் மெத்தைகள் வைத்துத் திருகாணிகளால் இறுக்கப்பட்டது. திருகாணிகளைக் கழற்றினால் உடலை அப்படியே தூக்கிவிடலாம். ஆயினும் அதன் தரையையும் வெட்டத்தான் வேண்டும். கார்வெட்டின் நடுவே உயர்ந்து ஓடும் சுரங்கம் போன்ற பகுதிக்கு இடம் வேண்டுமல்லவா? வெட்டுவதற்கு முன் உள்ளே தற்காலிகக் கம்பிகளைக் குறுக்கே பற்றவைத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் உடல் கோணிக்கொள்ளும், கதவு மூடாது. பிறகு எஃகுக் குழாய்களால் உடலின் தூண்களைச் சேசிஸுடன் உறுதியாக இணைக்க வேண்டும். இருக்கையையும் இருக்கை வாரையும் மெல்லிய தகட்டில் மாட்டினால் மோதலின்போது அவை பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அவற்றின் பிடிப்பு சேசிஸிலேயே இருக்க வேண்டும்.

ஒரு சாண் வித்தியாசம்

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரத்தை அச்சிடைத் தூரம் என்போம். செவலில் அது 2845 மி.மீ.; கார்வெட்டில் 2654 மி.மீ. வித்தியாசம் 191 மி.மீ., ஏறக்குறைய ஒரு சாண். உடலை அப்படியே வைத்தால் சக்கரங்கள் சக்கர வளைவுகளுக்கு நேரே வராது. உடலைக் குறுக்கினால் காரின் அழகு கெட்டுவிடும். சேசிஸை நடுவில் வெட்டி நீட்டுவதே மற்றொரு வழி.

நீளம் 7 சதவீதம்தானே கூடுகிறது என்று நினைக்கலாம். ஆனால் இரு முனைகளில் தாங்கப்பட்ட உத்தரத்தின் நடுவில் பாரம் வைத்தால், அதன் தொய்வு நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 1.072-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 1.23 வரும். அதே பாரம், அதே சட்டம். தொய்வு மட்டும் 23 சதவீதம் அதிகம்! சேசிஸ் வெறும் உத்தரம் அன்று என்றாலும், அபாயம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. ஆகவே வெட்டிய இடத்தில் உள்ளே எஃகு உறை செருகி, வெளியே தகடு வைத்துப் பற்றவைத்துப் பலப்படுத்துகிறார்கள்.

எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைக்கும் குழாயும், அதனுள் சுழலும் தண்டும் கூட நீள வேண்டும். இத்தண்டு கியர் பெட்டிக்கு முன்னால் இருப்பதால் எஞ்சினின் வேகத்திலேயே, அதாவது நிமிடத்துக்கு 6000 சுற்றுகள் வரை சுழலும். நீளமான தண்டு குறைந்த வேகத்திலேயே கயிறு போல விம்மி அதிரத் தொடங்கும். எனவே அதை மிகத் துல்லியமாகச் சமன் செய்ய வேண்டும்.

கணினிக்கு யார் சொல்வது?

இக்கார்வெட்டுகள் பலவற்றில் சறுக்கலைத் தடுக்கும் கணினி உண்டு. ஓட்டுநர் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினார், கார் எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதைக் கொண்டு, கார் எவ்வளவு விரைவாகத் திரும்ப வேண்டும் என்று அது கணக்கிடும். உண்மையில் கார் அப்படித் திரும்பவில்லை என்றால், சறுக்குகிறது என முடிவு செய்து தக்க சக்கரத்தில் மட்டும் பிரேக் போடும்.

இந்தக் கணக்கில் அச்சிடைத் தூரமும் ஓர் எண். சட்டத்தை ஒரு சாண் நீட்டியது கணினிக்குத் தெரியாது. நீளமான கார் அதே ஸ்டியரிங் திருப்பத்துக்குச் சற்றே மெதுவாகத் திரும்பும். சறுக்காத காரைச் சறுக்குவதாக எண்ணி, வளைவின் நடுவே தேவையற்ற பிரேக்கைக் கணினி போட்டுவிடக்கூடும். உயிர் காக்க வைத்த கருவியே உயிருக்கு உலை வைக்கலாம். புதிய நீளத்துக்கும் எடைக்கும் ஏற்பக் கணினியைத் திருத்தாமல் அந்தக் காரைச் சாலைக்குக் கொண்டுவருவது பேராபத்து.

வேலை முடிந்ததும் நான்கு சக்கரங்களுக்கும் அடியில் நான்கு தராசுகளை வைத்து எடை பார்ப்பார்கள். பிளாஸ்டிக் தகடுகள் இருந்த இடத்தில் இப்போது எஃகு உடல் வந்துவிட்டதால், மொத்த எடையும் கூடும். ஈர்ப்பு மையமும் உயரும். ஸ்பிரிங்கையும் பிரேக்கையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

காரின் ஒவ்வோர் அளவும் மற்றோர் அளவுடன் கைகோத்து நிற்கிறது. ஒன்றைத் தொட்டால் எல்லாம் அசைகின்றன. பழைய உடலைப் புதிய எலும்பின் மேல் வைப்பவருக்கு வெட்டும் கருவியைவிட முதலில் வேண்டியவை அளவுநாடா, தராசு, கணக்கு ஆகியவையே. அடுத்த முறை பேருந்தில் ஏறும்போது, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை எத்தனை அடி என்று எட்டுவைத்துப் பாருங்கள். அந்தத் தூரத்தை ஒரு சாண் மாற்றினால் என்னென்ன மாறும் என்று ஒரு பட்டியல் போட உங்களால் முடியும்.