நடுராத்திரியில் எழுப்பி டயாபர் மாற்ற வேண்டுமா? குளிர் நடுங்கும் ஏற்காடு மலையில் கைக்குழந்தை வைத்திருப்போர் கவனத்துக்கு...

ஏற்காடு:

அசந்து தூங்கும் குழந்தையை நடுராத்திரியில் எழுப்பி டயாபர் மாற்ற வேண்டுமா? இல்லை, விடியும் வரை அப்படியே விட்டுவிடலாமா? கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் தினமும் நடக்கும் தகராறு இது.

"ஈரத்தோட போட்டு வைக்காதே, புள்ளைக்கு சளி புடிச்சுக்கும்" என்பார் மாமியார். "ராத்திரி முழுக்க தாங்கும்னு பாக்கெட்டுலயே போட்டிருக்கு அத்தை, தூங்கற புள்ளையை எழுப்பாதீங்க" என்பார் மருமகள்.

இதில் யார் சொல்வது சரி? இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மாமியார் சொல்வது துணிக்குப் பொருந்தும். மருமகள் சொல்வது டயாபருக்குப் பொருந்தும். ஆனால் டயாபரிலும் உடனே மாற்றியே தீரவேண்டிய நேரம் உண்டு. அது எப்போது என்று தெரிந்துகொண்டால் குழந்தைக்கும் தூக்கம், தாய்க்கும் தூக்கம். அதன் விவரம் வருமாறு:-

மலையில் ஏன் இந்த சிக்கல்?

சேலத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால் ஏற்காடு. கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். இந்த சேர்வராயன் மலையில் காபி தோட்டங்களுக்கு நடுவே உள்ள கிராமங்களில் ஒன்றுதான் கரடியூர். காட்சி முனை பார்க்க வரும் சுற்றுலா பயணிகள் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் அங்கேயே குடியிருப்பவர்களுக்கு டிசம்பர், ஜனவரி மாத ராத்திரிகள் சாதாரணமானவை அல்ல. 15 டிகிரிக்கும் கீழே குளிர் இறங்குவது உண்டு.

இதே மாதங்களில்தான் காபி பழம் பறிப்பும் மும்முரமாக நடக்கும். விடிந்ததும் தோட்ட வேலைக்குக் கிளம்ப வேண்டிய தாய்க்கு ராத்திரி தூக்கம் என்பது மறுநாள் கூலி. அந்த தூக்கத்தை 3 முறை, 4 முறை கெடுத்துக்கொள்வது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு கஷ்டம், துணி காயாதது. மழைக்காலத்திலும் பனிமூட்டத்திலும் துவைத்துப் போட்ட துணி 2 நாள் ஆனாலும் ஈரம் விடாது. சமவெளியில் வெயிலில் போட்டு ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம். மலையில் முடியாது. அதனால்தான் கூலி வேலை செய்யும் குடும்பங்கள்கூட கடையில் "பேம்பர்ஸ் ஒண்ணு குடுங்க" என்று ஒற்றை ஒற்றையாக வாங்கிப் போகிறார்கள்.

துணி வேறு, டயாபர் வேறு

பருத்தித் துணி ஈரத்தை உறிஞ்சும். ஆனால் உறிஞ்சிய ஈரத்தை உடம்போடு ஒட்ட வைத்தே இருக்கும். ஈரத்துணி காயும்போது உடம்பு சூட்டையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். பச்சைக் குழந்தைக்கு உடம்பு சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளும் சக்தி குறைவு. எனவே துணி கட்டியிருந்தால் நனைந்தது தெரிந்த உடனே மாற்ற வேண்டும். ராத்திரி, பகல் என்ற பேச்சே இல்லை. பாட்டிமார் சொல்லி வந்தது இதைத்தான்.

டயாபர் கதை வேறு. அமெரிக்காவில் 1961-ம் ஆண்டு பேம்பர்ஸ் விற்பனைக்கு வந்தபோது உள்ளே காகிதக் கூழ் போன்ற பஞ்சுதான் இருந்தது. 1980-களில் சர்க்கரை போன்ற ஒரு ரசாயனத் தூளை உள்ளே சேர்த்தார்கள். ஈரம் பட்டதும் இந்தத் தூள் ஊறிய ஜவ்வரிசி மாதிரி உப்பி, சிறுநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அழுத்தினாலும் லேசில் வெளியே விடாது. இதனால் மேல் பக்கம் ஓரளவு உலர்வாகவே இருக்கும்.

ஆகவே டயாபரில் குழந்தை ஒன்றிரண்டு முறை ஒண்ணுக்குப் போயிருந்தால், அதற்காக மட்டும் தூக்கத்தில் இருந்து எழுப்ப வேண்டிய அவசியம் இல்லை. குழந்தை நல டாக்டர்கள் பொதுவாக சொல்லும் ஆலோசனையும் இதுதான்.

எப்போது கட்டாயம் மாற்ற வேண்டும்?

* குழந்தை மலம் கழித்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். தூக்கம் கலைந்தாலும் பரவாயில்லை.

* டயாபர் கனத்து, உப்பி, தொங்கினால் மாற்ற வேண்டும்.

* ஓரத்தில் ஒழுகி சட்டையோ, படுக்கையோ, தொட்டில் துணியோ நனைந்திருந்தால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

* ஏற்கனவே புண், சிவப்பு இருந்தால் ராத்திரியிலும் இடையில் ஒரு முறையாவது மாற்ற வேண்டும்.

* வயிற்றுப்போக்கு இருந்தால் அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மலத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்கலாம். சாப்பாட்டை செரிக்க வைக்கும் நொதிகள் மலத்தில் இருக்கின்றன. அவை குழந்தையின் மெல்லிய தோலையும் அரிக்கும். மலத்தில் உள்ள கிருமிகள் சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும். காலையில் டயாபரைப் பிரிக்கும்போது மூக்கில் ஏறும் நெடி இதுதான். இதனால் தோலின் இயல்பான அமிலத்தன்மை குறைந்து, நொதிகளின் வேகம் இன்னும் கூடும். சில மணி நேரத்திலேயே தோல் சிவந்து எரிச்சல் வந்துவிடும்.

பெண் குழந்தைகளுக்கு இன்னும் கவனம் தேவை. மலத்தில் உள்ள கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போனால் தொற்று வரும். துடைக்கும்போது முன்னால் இருந்து பின்னால் நோக்கித்தான் துடைக்க வேண்டும்.

வயசுக்கு ஏத்த மாதிரி

பிறந்து ஒரு மாதத்துக்குள் இருக்கும் குழந்தை 2, 3 மணி நேரத்துக்கு ஒரு முறை பாலுக்கு எழும். பால் குடிக்கும்போதே மலம் கழிக்கும் பிள்ளைகளும் உண்டு. இந்த வயசில் "எழுப்பலாமா" என்ற கேள்விக்கே இடமில்லை. எழும்போது எல்லாம் பார்த்து மாற்றிவிட வேண்டியதுதான்.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு பக்கம் பால் குடித்து முடித்ததும் டயாபரை மாற்றுங்கள். பிறகு அடுத்த பக்கம் பால் கொடுங்கள். குடித்துக்கொண்டே தூங்கிவிடும். வயிறு நிறைய குடித்த பிறகு காலைத் தூக்கி மாற்றினால் குடித்த பால் வெளியே வந்துவிடும்.

தொப்புள் கொடி விழாத குழந்தைக்கு டயாபரின் மேல் ஓரத்தை தொப்புளுக்குக் கீழே மடித்து விட வேண்டும்.

3, 4 மாதம் கழித்து ராத்திரியில் மலம் கழிப்பது பெரும்பாலான குழந்தைகளுக்குக் குறைந்துவிடும். அதன் பிறகு, தூங்கப் போகும் முன் புது டயாபர் கட்டினால் பெரும்பாலும் விடியும் வரை தாங்கும்.

குளிர் ராத்திரியில் மாற்றும் முறை

மலை வீடுகளில் டயாபர் மாற்றும் அந்த 2 நிமிடத்தில்தான் குழந்தைக்குக் குளிர் தாக்குகிறது. எனவே படுக்கும் முன்பே எல்லாவற்றையும் கைக்கு எட்டும் தூரத்தில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். புது டயாபர், மெல்லிய பருத்தித் துணி, பிளாஸ்க்கில் வெந்நீர். தண்ணீரை விளாவி, முழங்கையில் ஊற்றிப் பார்த்து, வெதுவெதுப்பாக இருந்தால் மட்டும் பயன்படுத்த வேண்டும்.

மேல் சட்டை, குல்லாவைக் கழற்ற வேண்டாம். இடுப்புக்குக் கீழே மட்டும் திறந்தால் போதும். பெரிய லைட் போடாமல், பேச்சுக் கொடுக்காமல் மாற்றினால் குழந்தை முழுசாக விழிக்காது. துடைத்த பிறகு ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு டயாபர் கட்ட வேண்டும். பிறகு மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். கவிழ்த்துப் போடக்கூடாது.

குழந்தைக்குக் குளிர்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் பயமில்லை. வயிறு சூடாக இருந்து பாதம் மட்டும் சில்லென்று இருந்தால் குளிர் தாக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். உடனே தாயின் மார்போடு தோலும் தோலும் படும்படி அணைத்து, மேலே போர்த்த வேண்டும். வயிறும் சில்லிட்டு இருந்தால் ஆபத்து. மார்போடு அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். பச்சைக் குழந்தையின் உடம்பு சூடு 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: குழந்தைக்குக் குளிருமே என்று கரி அடுப்பை, கங்குச் சட்டியை அறைக்குள் வைத்து கதவை சாத்திக்கொண்டு தூங்கவே கூடாது. கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. கொடைக்கானல், ஊட்டி போன்ற மலை ஊர்களில் இப்படித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போன சம்பவங்கள் நடந்திருக்கின்றன.

பவுடர் வேண்டாம், களிம்பில் உஷார்

டயாபர் கட்டும் இடத்தில் பவுடர் கொட்டுவது பலருக்கு வழக்கம். அந்தத் தூள் மூச்சில் ஏறினால் குழந்தையின் நுரையீரலுக்குக் கெடுதல். அதற்குப் பதில் தேங்காய் எண்ணெய், வாசலின் அல்லது துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பை மெல்லிசாகப் பூசினால் ஈரம் தோலில் படாமல் தடுக்கும்.

சிவப்பு 3 நாளில் குறையாமல், தொடை மடிப்புக்குள் பரவி, சுற்றிலும் சின்னச் சின்ன சிவப்புப் புள்ளிகள் வந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். இதற்கு மெடிக்கலில் கேட்டு ஏதோ ஒரு டியூப் வாங்கித் தடவுவதுதான் பெரிய ஆபத்து. படை, அரிப்புக்கு விற்கும் பல களிம்புகளில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும். தடவிய 2 நாளில் சிவப்பு மறைந்த மாதிரி தெரியும். ஆனால் தோல் மெலிந்து போகும், பூஞ்சை உள்ளுக்குள் வளரும். டயாபர் மூடிய இடத்தில் அந்த மருந்து உடம்புக்குள் இறங்குவதும் அதிகம். இந்த வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்பதற்கு 2018-ம் ஆண்டிலேயே மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டு வந்தது.

ஒண்ணுக்குப் போனதா? கணக்கு வையுங்க!

டயாபரால் ஒரு பாதகமும் உண்டு. குழந்தை எத்தனை முறை சிறுநீர் கழித்தது என்பது தாய்க்குத் தெரியாமல் போய்விடும். பிறந்து ஒரு வாரம் ஆன குழந்தை 24 மணி நேரத்தில் குறைந்தது 6 முறையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். தாய்ப்பால் போதுமான அளவு கிடைக்கிறது என்பதற்கு இது நல்ல அடையாளம். காலையில் டயாபர் கனமே இல்லாமல் உலர்ந்து கிடந்தால் "அப்பாடா, ஒண்ணு மிச்சம்" என்று சந்தோஷப்படக்கூடாது. 8 மணி நேரமாக சிறுநீர் போகவில்லை, பால் குடிக்கவில்லை, துவண்டு கிடக்கிறது என்றால் காத்திருக்காமல் 108 ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். சந்தேகம் கேட்க 104 என்ற எண் இருக்கிறது. வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியரிடமும் புண்ணைக் காட்டிக் கேட்கலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

செலவைக் குறைக்க...

ஒரு டயாபர் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பகலும் ராத்திரியும் சேர்த்து நாளைக்கு 6 போட்டால் மாதம் 1,800 ரூபாய். பகலில் துணி, ராத்திரிக்கு மட்டும் ஒரு டயாபர் என்றால் மாதம் 300 ரூபாய்தான். மலை கிராமக் குடும்பங்களுக்கு ஏற்ற வழி இது. பகலில் அடிக்கடி காற்றோட்டமாக விடுவதால் புண்ணும் வராது.

துணியை நன்றாக அலசி, வெந்நீரில் துவைத்து, சோப்பு போக 2 முறை அலச வேண்டும். வெயில் இல்லாத நாளில் இஸ்திரி போட்டு ஈரத்தை எடுக்க வேண்டும். அரை ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை வரும். துணிக்கு மேலே பிளாஸ்டிக் ஜட்டி போட்டால் ஈரம் உள்ளேயே நின்று வெந்துவிடும். அதைத் தவிர்க்க வேண்டும்.

காபி தோட்டத்தில் வீசாதீங்க!

பயன்படுத்திய டயாபரை தோட்டத்துச் சரிவிலோ, ஓடையிலோ வீசினால் நாயும் குரங்கும் கிழித்து இழுத்து வரும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மக்காது. மழையில் அடித்துக்கொண்டு போய் குடிக்கும் தண்ணீரில் சேரும். அடுப்பில் போட்டு எரித்தால் அந்த நச்சுப்புகையை சுவாசிப்பது அதே குழந்தைதான். மலத்தைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு, டயாபரை காகிதத்தில் சுருட்டி, குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுக்க வேண்டும். டயாபரைத் தனியாகச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லப்பட்டது.

மொத்தத்தில் மாமியாரும் மருமகளும் மனதில் வைக்க வேண்டியது இதுதான். துணி நனைந்தால் மாற்றுங்கள். டயாபர் வெறும் ஈரம் என்றால் தூங்க விடுங்கள். மலம் போயிருந்தால், கனத்திருந்தால், ஒழுகினால், புண் இருந்தால் எழுப்பி மாற்றுங்கள். ராத்திரி ஒரு தடவை அம்மா, ஒரு தடவை அப்பா என்று முறை வைத்துக்கொண்டால் காலையில் இரண்டு பேருமே தெம்பாக வேலைக்குப் போகலாம்.