கார் சாவிக்குள் ஒரு காசு!

பாட்டரியை மாற்றுவது எளிது. பழையதைப் போடும் இடத்தில்தான் ஆபத்து

சாவியில் உள்ள பொத்தானை அமுக்கினால் காரின் கதவு திறக்கிறது. விளக்குகள் கண் சிமிட்டுகின்றன. திடீரென்று ஒரு நாள், அமுக்கினாலும் ஒன்றும் நடப்பதில்லை. மறுபடி அமுக்கினாலும் கார் ஊமையாக நிற்கிறது!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவருக்கு இப்படி நேர்ந்தால் எப்படி இருக்கும்? நள்ளிரவு. நெடுஞ்சாலையில் லாரிகள் பறந்து கொண்டு இருக்கும். மெக்கானிக் கடைகள் மூடி இருக்கும். "கார் கெட்டுவிட்டதே!" என்று மனம் பதறும்.

பெரும்பாலும் கார் கெட்டிருக்காது. சாவிக்குள் இருக்கும் சின்னஞ்சிறு பாட்டரி தீர்ந்து போயிருக்கும். அவ்வளவுதான்!

கார் செய்யும் ஊர்

திருவள்ளூருக்குக் கார் புதிது அல்ல. அம்பாசிடர் காரைச் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி, 1998-ம் ஆண்டு திருவள்ளூரில் 'லான்சர்' காரைத் தயாரிக்கத் தொடங்கியது. அது ஜப்பான் நாட்டு மிட்சுபிஷி கம்பெனியின் கார். இன்று அதே இடத்தில் பிரான்சு நாட்டு 'சிட்ரோன்' கார்கள் தயாராகின்றன.

அம்பாசிடர் காலத்தில் சாவி என்பது வெறும் உலோகத் துண்டு. துவாரத்தில் நுழைத்துத் திருப்ப வேண்டும். தூரத்தில் நின்றபடியே கதவைத் திறக்கும் சாவி, 1982-ம் ஆண்டு பிரான்சு நாட்டு ரெனால்ட் கம்பெனியின் 'பியூகோ' காரில் வந்தது. அன்று அது அதிசயம். இன்று சிறிய கார்களுக்கும் அந்தச் சாவி வந்துவிட்டது.

ரகசியச் சொல்

இந்தச் சாவி எப்படி வேலை செய்கிறது?

பொத்தானை அமுக்கியதும், சாவியில் இருந்து ரேடியோ அலை கிளம்புகிறது. அந்த அலையில் ஒரு ரகசிய எண் இருக்கிறது. "இது நம் சாவிதான்" என்று கார் தெரிந்து கொண்டதும் பூட்டு திறக்கிறது. பல கார்களில் ஒவ்வொரு முறையும் இந்த எண் மாறிவிடும். நேற்றைய எண்ணைத் திருடி வைத்திருப்பவனுக்கு இன்று கதவு திறக்காது!

ரேடியோ அலையை அனுப்பச் சக்தி வேண்டும். அதைக் கொடுப்பதுதான் காசு போன்ற அந்த வட்டப் பாட்டரி.

நடுவழியில் நின்றால்?

பயப்பட வேண்டாம். பொத்தான் சாவிகள் பலவற்றில், உள்ளே ஓர் உலோகச் சாவி ஒளிந்து இருக்கிறது. பக்கவாட்டில் உள்ள சிறு தாழை நகர்த்தினால் அது வெளியே வரும். அதை வைத்துக் கதவைத் திறக்கலாம். சில கார்களில் சாவித் துவாரத்தைக் கைப்பிடி அருகே ஒரு மூடி மறைத்து இருக்கும். திறக்கும்போது எச்சரிக்கை மணி அலறலாம். என்ஜின் ஓடத் தொடங்கினால் அடங்கிவிடும்.

என்ஜின் ஓடுமா? பெரும்பாலான கார்களில் ஓடும். சாவிக்குள் ஒரு சிறிய 'சிப்' இருக்கிறது. அதற்குப் பாட்டரியே தேவை இல்லை! மிக அருகில் கொண்டு போனால், காரில் இருந்தே சக்தியை வாங்கிக் கொள்ளும். ஸ்டார்ட் பொத்தான் உள்ள கார்கள் பலவற்றில், சாவியை அந்தப் பொத்தான்மீது ஒட்டி வைத்து அமுக்க வேண்டும். சில கார்களில் இடம் வேறாக இருக்கும். காரோடு கொடுத்த புத்தகத்தில் அது எழுதி இருக்கும்.

மாற்றுவது எப்படி?

பாட்டரி சாகும் முன்பே சொல்லிவிடும். முன்பு பத்து அடி தூரத்தில் திறந்த கதவு, இப்போது பக்கத்தில் போனால்தான் திறக்கும். ஒரு தடவைக்குப் பதில் மூன்று தடவை அமுக்க வேண்டி இருக்கும். இதைக் கண்டதும் மாற்றிவிடுவது நல்லது.

முதலில், உள்ளே இருக்கும் பாட்டரியின் நம்பரைப் பாருங்கள். பல சாவிகளில் 'சி.ஆர். 2032' என்று இருக்கும். முதல் இரண்டு எண்கள் அகலம்: 20 மில்லி மீட்டர். அடுத்த இரண்டும் கனம்: 3.2 மில்லி மீட்டர். '2025' என்றால் கனம் 2.5 மில்லி மீட்டர். அகலம் ஒன்றுதான், ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடக் கூடாது. மெல்லியது சரியாக ஒட்டாது. தடித்தது உள்ளே அடங்காது.

உலோகச் சாவியை உருவியதும் ஓரத்தில் ஒரு பிளவு தெரியும். தட்டையான திருப்புளியின் முனையில் துணியைச் சுற்றி, பிளவில் வைத்து மெல்லத் திருப்புங்கள். மூடி கழன்றுவிடும். பழைய பாட்டரியில் கூட்டல் குறி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக் கொண்டு எடுங்கள். புதியதை உலர்ந்த கையால் ஓரத்தைப் பிடித்து, அதே பக்கமாக வையுங்கள். மூடியை அழுத்தினால் 'டக்' என்று மூடிக் கொள்ளும். முடிந்தது வேலை!

இது மூன்று வோல்ட் லித்தியம் பாட்டரி. தீர்ந்தபின் மறுபடி சார்ஜ் செய்ய முயலக் கூடாது.

மேசைமேல் வைக்காதீர்கள்!

வேலை முடிந்தது. பழைய பாட்டரி எங்கே? மேசைமேல் கிடக்கிறது. அங்கேதான் ஆபத்து!

அது பளபளப்பாக இருக்கிறது. காசு போல இருக்கிறது. தவழும் குழந்தைக்கு அது விளையாட்டுப் பொருள். எடுத்து வாயில் போட்டுக் கொள்ளும்.

'செத்த பாட்டரிதானே' என்று நினைக்கலாம். சாவியை இயக்கச் சக்தி இல்லாத பாட்டரிக்கும், குழந்தையின் தொண்டையைப் புண்ணாக்கச் சக்தி உண்டு! 20 மில்லி மீட்டர் பாட்டரி குழந்தையின் உணவுக் குழாயில் சிக்கிக் கொள்ளும். ஈரம் பட்டதும் மின்சாரம் பாயும். அந்த இடத்தில் காரம் உண்டாகி, சதையை அரிக்கும். இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான புண் ஏற்படலாம்.

அமெரிக்காவில் 2020-ம் ஆண்டு டிசம்பரில் ரீஸ் என்ற ஒன்றரை வயதுக் குழந்தை இறந்து போனாள். ரிமோட்டில் இருந்த பட்டன் பாட்டரியை விழுங்கியதுதான் காரணம். அவள் பெயரிலேயே 2022-ம் ஆண்டு அங்கே ஒரு சட்டம் வந்தது. குழந்தைகள் திறக்க முடியாதபடி பாட்டரி அறையை அமைக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

விழுங்கிவிட்டால்?

குழந்தை எச்சில் வடிக்கலாம். இருமலாம். சாப்பிட மறுக்கலாம். சில குழந்தைகளிடம் ஓர் அடையாளமும் தெரியாது. சந்தேகம் வந்தாலே போதும். 108-க்குப் போன் செய்யுங்கள். எக்ஸ்ரே வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சோறோ பாலோ கொடுக்காதீர்கள்.

வீட்டில் தேன் இருந்தால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு டீஸ்பூன் கொடுக்கலாம். ஆறு முறைக்கு மேல் வேண்டாம். விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும்; குழந்தையால் விழுங்கவும் முடிய வேண்டும். அமெரிக்க விஷ முறிவு மையம் ஒன்று சொல்லும் யோசனை இது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. தேனைத் தேடி நேரத்தைப் போக்கவும் கூடாது.

குப்பையில் போடலாமா?

கூடாது. மற்ற பாட்டரியோடு உரசினால் சூடேறித் தீப்பிடிக்கலாம். நெருப்பில் போட்டால் வெடிக்கலாம். 2022-ம் ஆண்டு மத்திய அரசு கொண்டு வந்த விதிகளின்படி, பழைய பாட்டரியைச் சாதாரணக் குப்பையோடு கலக்கக் கூடாது. அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது.

ஆலைகளின் அபாயக் கழிவைப் பத்திரமாகப் புதைக்க, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தனி இடமே இருக்கிறது. ஆலைக்கு உள்ள அந்தக் கவனம் வீட்டுக்கும் வேண்டாமா?

செய்ய வேண்டியது சிறிய வேலைதான். பழைய பாட்டரியை எடுத்த கையோடு இரு பக்கமும் டேப் ஒட்டுங்கள். மூடி உள்ள டப்பாவில் போட்டுக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். காரை சர்வீசுக்கு விடும்போதோ, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்துக்குப் போகும்போதோ கொடுத்துவிடுங்கள். புதிய பாட்டரிக்கும் இதே பாதுகாப்பு வேண்டும்.

சாவியின் மூடியை மூடுவதோடு வேலை முடிவது இல்லை. டப்பாவின் மூடியையும் மூடிய பிறகுதான் முடிகிறது!