டெட் ரிங்கர்ஸ் (திரைப்படம்)

டெட் ரிங்கர்ஸ் 1988 ஆம் ஆண்டில் வெளிவந்த உளவியல் திகில் திரைப்படமாகும். கனடிய இயக்குனர் டேவிட் குரோனென்பெர்க் இதனை இயக்கினார். ஒருவரைப் பிரிந்து மற்றவர் வாழ இயலாத இரட்டையர் இருவராகவும் ஆங்கிலேய நடிகர் ஜெரமி அயன்ஸ் நடித்துள்ளார். உரித்து வைத்தாற்போல் இன்னொருவரை ஒத்திருப்பவரைக் குறிக்கும் ஆங்கில வழக்கே படத்தின் பெயராகும். முதலில் "டுவின்ஸ்" எனப் பெயரிடப்பட்டிருந்தது. அதே ஆண்டில் வெளியான ஐவன் ரைட்மனின் நகைச்சுவைப் படத்திற்கு அப்பெயர் சென்றது.

பின்னணி

நியூயார்க்கில் மகளிர் நோய் மருத்துவர்களாக இருந்த ஸ்டுவர்ட் மார்க்கஸ், சிரில் மார்க்கஸ் என்னும் இரட்டையர் 1975 சூலையில் தமது வீட்டில் இறந்து கிடந்தனர். இருவரும் பார்பிச்சுரேட்டு வகைத் தூக்க மருந்துகளுக்கு அடிமையாகியிருந்தனர். இந்நிகழ்வைத் தழுவி பேரி வுட், ஜாக் கீஸ்லண்ட் ஆகியோர் 1977 இல் எழுதிய புதினமே படத்திற்கு மூலமாகும். திரைக்கதை நிகழ்விடத்தை டொராண்டோவுக்கு மாற்றியது.

கதை

(கதையின் முடிவு கீழே கூறப்பட்டுள்ளது.)

எலியட் மாண்டில், பெவர்லி மாண்டில் இருவரும் மகப்பேறின்மைக்குச் சிகிச்சையளிக்கும் புகழ்பெற்ற மருத்துவர்கள். எலியட் துணிச்சல்காரர், பெவர்லி கூச்ச சுபாவம் உடையவர். எலியட் தாம் பழகிய பெண்களைத் தம்பிக்கும் பகிர்கிறார். ஆள் மாறியதை அப்பெண்கள் அறிவதில்லை. சிகிச்சைக்கு வரும் நடிகை கிளேர் நிவோவை (ஜெனவீவ் புஜோல்ட்) பெவர்லி உண்மையாகவே காதலிக்கிறார். அண்ணனிடம் பகிர விரும்பாத ஒன்று அவருக்கு வாய்ப்பது அதுவே முதல் முறை. சிக்கல் அங்கேயே தொடங்குகிறது.

கிளேர் படப்பிடிப்புக்காகப் பிரிந்து செல்ல, பெவர்லி போதை மருந்தில் மூழ்குகிறார். பெண்களின் உடல்கள் திரிந்துவிட்டதாக மயங்கி, சிற்பி ஒருவரைக் கொண்டு விந்தையான உலோகக் கருவிகளைச் செய்விக்கிறார். தம்பியை மீட்க முயன்று தோற்ற எலியட், இருவர் குருதியும் ஒரே நிலையில் இருக்கவேண்டும் எனக் கூறித் தாமும் அம்மருந்துகளையே உட்கொள்கிறார். இறுதியில், ஒட்டிப் பிறந்தவர்களைப் பிரிப்பதாகக் கருதிக்கொண்டு பெவர்லி அக்கருவிகளால் அண்ணனைக் கொல்கிறார். கிளேரைத் தொலைபேசியில் அழைத்தும் பேச இயலாமல் திரும்பிவந்து, அண்ணனின் உடலருகே இறக்கிறார்.

ஒட்டிப் பிறந்த சாங், எங் இரட்டையரின் இறப்பும் படத்தில் பேசப்படுகிறது. மாண்டில் சகோதரர்களை இணைக்கும் தசை எதுவுமில்லை. எனினும், கனவொன்றில் அது தோன்றுகிறது. கிளேர் அதனைக் கடித்துப் பிரிக்கிறாள்.

உருவாக்கம்

குரோனென்பெர்க்கின் முந்தைய படமான "தி ஃபிளை" (1986) உடலின் உருமாற்றத்தைக் காட்டி அச்சுறுத்தியது. இப்படத்தில் குருதி மிகக் குறைவு. அறுவை அறையில் மருத்துவர்கள் அணியும் செந்நிற அங்கிகளே போதிய அச்சத்தைத் தருகின்றன. பழைய இரட்டை வேடப் படங்களில் கேமரா பெரும்பாலும் அசையாது நிற்கும். இதில் கணினிவழி இயக்கப்பட்ட கேமரா ஒரே அசைவைப் பிழையின்றி மீண்டும் செய்ததால், இருவரும் ஒரே காட்சியில் இயல்பாக நடமாடினர். ஒளிப்பதிவு பீட்டர் சுசிட்ஸ்கி. இசை ஹோவர்ட் ஷோர். ஒப்பனை வேறுபாடு ஏறக்குறைய இல்லாதபோதும், நிற்கும் விதத்தையும் குரலையும் கொண்டே இருவரையும் அயன்ஸ் வேறுபடுத்தியுள்ளார்.

வரவேற்பு

கனடாவின் ஜீனி விருதுகளில் சிறந்த திரைப்படம், இயக்குனர், நடிகர் உள்ளிட்ட பல விருதுகளை இப்படம் பெற்றது. ஆஸ்கார் பரிந்துரை எதுவும் கிட்டவில்லை. "ரிவர்சல் ஆஃப் ஃபார்ச்சூன்" படத்திற்காக 1991 இல் ஆஸ்கார் விருது பெற்ற அயன்ஸ், அப்படத்துடன் தொடர்பே இல்லாத குரோனென்பெர்க்குக்கும் மேடையில் நன்றி கூறினார். 2023 இல் ரேச்சல் வைஸ் இரட்டைச் சகோதரிகளாக நடித்த தொலைக்காட்சித் தொடராகவும் இக்கதை வெளிவந்தது.