தாமிரபரணிப் படுகையின் மிகுபுனைவுகள்: தற்சார்புப் படைப்பாளரைக் கண்டறிதலும் ஆவணப்படுத்தலும்

ஆய்வுச் சுருக்கம்

பதிப்பகத்தின் துணையின்றித் தம் படைப்பைத் தாமே வெளியிடும் எழுத்தாளர்கள், மின்னூல் தளங்களின் வழியே தமிழில் பெருகியுள்ளனர். அவர்களுடைய மிகுபுனைவுகள் ஆய்வாளர் பார்வைக்கு எட்டாமற் போவதற்கான காரணங்களையும் அவற்றைக் கண்டறியும் வழிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பாரதியின் கடையத்து வெளியீட்டுத் திட்டமும் புதுமைப்பித்தன் கதைகளின் தொகுப்பு வரலாறும் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. ஒரு படைப்பு நிலைபெறுவதற்கு அது வெளியானமை மட்டும் போதாது. தேடுதல், காலம் குறித்தல், பாடம் காத்தல் ஆகிய மூன்றும் வேண்டும் என்பது கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: மிகுபுனைவு, தற்சார்பு வெளியீடு, பாரதி, புதுமைப்பித்தன், மின்னூல், பாடபேதம், வாய்மொழிக் கதை.

முன்னுரை

இயற்கை விதிக்கு உட்படாத நிகழ்வையோ உலகையோ கதையின் அடிப்படையாகக் கொள்ளும் புனைவு, இக்கட்டுரையில் ‘மிகுபுனைவு’ எனப்படுகிறது. இவ்வகைக்குத் தமிழில் ஒருமித்த பெயர் இல்லை. விந்தைப் புனைவு, அதிபுனைவு, மாய எதார்த்தம் எனப் பல சொற்கள் வெவ்வேறு பொருள் வரம்புகளோடு வழங்குகின்றன. 2018ஆம் ஆண்டில் தோன்றிய அரூ மின்னிதழ் ‘கனவுருப்புனைவு’ என்னும் சொல்லைக் கையாண்டது. பெயர் நிலைபெறாத ஒரு வகைமையைத் தேடிக் கண்டறிவது எளிதன்று. படைப்பாளர் தற்சார்பினர் எனின் இடர்ப்பாடு இரட்டிப்பாகிறது. பதிப்பகப் பட்டியல், மதிப்புரை, நூலகக் கொள்முதல் ஆகிய வழக்கமான வாயில்கள் அவருக்குப் பெரும்பாலும் திறப்பதில்லை.

இச்சிக்கல் மின்னூல் காலத்தில் புதிதாகத் தோன்றியதன்று. நெல்லைச் சீமையின் இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரலாற்றில் இதன் முன்வடிவங்கள் உள்ளன. அவற்றை முதலில் நோக்கி, அவ்வரலாறு தரும் முறைகளை இன்றைய படைப்புகளுக்குப் பொருத்திக் காண்பது பயனுடையது.

1. கடையத்துத் திட்டம்

எட்டயபுரத்தில் பிறந்து திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் பயின்ற பாரதியின் ‘ஞானரதம்’ 1910இல் நூலாக வெளிவந்தது. திருவல்லிக்கேணி வீடொன்றின் மாடியில் இருக்கும் கதைசொல்லி, ஞானமாகிய தேரில் ஏறி உபசாந்தி லோகம், கந்தர்வ லோகம், சத்திய லோகம், தர்ம லோகம் முதலிய உலகங்களைக் கண்டு மீள்வதாக அமைந்த படைப்பு அது. நவீனத் தமிழ் உரைநடையில் மிகுபுனைவின் தொடக்கங்களுள் ஒன்றாக அதனைக் கொள்ளலாம்.

இதன் ஆசிரியர் 1918 டிசம்பரில் விடுதலை பெற்றபின், தம் மனைவி செல்லம்மாளின் ஊராகிய கடையத்திற்கு வந்தார். பொதிகை அடிவாரத்து ஊரான அங்கிருந்து 1920இல் தம் படைப்புகளனைத்தையும் தாமே வெளியிடுவதற்கான திட்டமொன்றை வகுத்து, பொருளுதவி வேண்டி அன்பர்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். நாற்பது நூல்கள், நூல் ஒன்றுக்குப் பத்தாயிரம் படிகள் என்பது அவர் கணக்கு. விலையைக் குறைத்து, அன்றாடப் பண்டம்போல் நூல்களை ஊர்தோறும் பரப்புவது நோக்கம். திட்டம் நிறைவேறவில்லை. 1921 செப்டம்பரில் பாரதி மறைந்தார்.

தற்சார்பு வெளியீட்டின் வரலாற்றில் இந்நிகழ்வு இருவகையில் கருதத்தக்கது. முதலாவது, வாசகர் உண்டு என்பதில் பாரதிக்கு ஐயமில்லை. அவ்வாசகரை எட்டும் வழிதான் அவர் கைவசம் இருக்கவில்லை. இரண்டாவது, அவர் எண்ணிய முழுத்தொகுப்பு அவர் மறைவுக்குப் பின் பிறர் உழைப்பால் படிப்படியாக உருவாயிற்று. செல்லம்மாள் தொடங்கிய பாரதி ஆச்ரமம், பின்னர் பாரதி பிரசுராலயம், 1949இல் அரசு மேற்கொண்ட உரிமையேற்பு, ரா. அ. பத்மநாபன், சீனி. விசுவநாதன் முதலியோர் இதழ்க் கோப்புகளில் மேற்கொண்ட தேடல் என அது தொடர்ந்தது. ஆசிரியர் ஒருவராய்த் தொடங்கிய பணியை முடிக்கத் தலைமுறைகள் தேவைப்பட்டன.

2. புதுமைப்பித்தன்: சிதறலும் தொகுப்பும்

சொ. விருத்தாசலம் என்னும் புதுமைப்பித்தன் கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்தவராயினும் திருநெல்வேலிக் குடும்பத்தினர். இந்துக் கல்லூரியில் 1931இல் பட்டம் பெற்றவர். ‘கட்டில் பேசுகிறது’, ‘பிரம்ம ராக்ஷஸ்’, ‘காலனும் கிழவியும்’, ‘காஞ்சனை’, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’, ‘கபாடபுரம்’ ஆகியன அவருடைய மிகுபுனைவுகளுள் குறிப்பிடத்தக்கன. இவற்றுட் சில 1933இல் தோன்றிய மணிக்கொடியிலும், சில கலைமகளிலும் வெளிவந்தன. முன்னது பொருள்வலிமையற்ற இதழ். பின்னது நிலைபெற்ற மாத இதழ். எனவே கண்டிப்பான பொருளில் அவரைத் தற்சார்பு வெளியீட்டாளர் என்றல் பொருந்தாது. ஆயினும், பல இதழ்களில் பல புனைபெயர்களில் சிதறிய எழுத்தை மீட்பது எங்ஙனம் என்னும் வினாவுக்கு அவருடைய வரலாறே தெளிவான விடை தருகிறது.

1940இல் ‘புதுமைப்பித்தன் கதைகள்’ தொகுப்பும் 1943இல் ‘காஞ்சனை’ தொகுப்பும் வந்தன. 1948இல் அவர் மறைந்தபோது எழுத்தின் கணிசமான பகுதி நூல்வடிவம் பெறாதிருந்தது. திருநெல்வேலியைச் சேர்ந்த தொ. மு. சி. ரகுநாதன் 1951இல் ‘புதுமைப்பித்தன் வரலாறு’ நூலை வெளியிட்டதுடன் பதிப்புப் பணியிலும் ஈடுபட்டார். அரை நூற்றாண்டு கழித்து, ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்த ‘அன்னை இட்ட தீ’ 1998இல் அதுவரை நூலாக்கம் பெறாத எழுத்துகளை முன்வைத்தது. அவர் பதிப்பித்த ‘புதுமைப்பித்தன் கதைகள்’ 2000இல் காலவரிசையிலும் பாடபேதக் குறிப்புகளோடும் வெளிவந்தது.

இப்பதிப்பு சாத்தியமானதற்குப் பொருள்சார் காரணம் ஒன்றுண்டு. இதழ் அச்சாகிவிட்டால், அதன் படி ஏதேனும் ஒரு வீட்டிலோ நூலகத்திலோ எஞ்சும். அட்டையில் நாள் இருக்கும். பின்னாளில் ஆசிரியர் திருத்தினாலும் பழைய பாடம் அழியாது. பாடபேதம் காண்பதற்கு இம்மூன்றும் இன்றியமையாதவை. இன்றைய மின்வெளியீட்டில் இம்மூன்றுமே உறுதியற்றவை.

3. இன்றைய வெளியீட்டுச் சூழல்

பிரதிலிபி 2014இல் தொடங்கப்பெற்றது. 2016 டிசம்பரில் அமேசானின் கிண்டில் கடை தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் மின்னூல்களை விற்கத் தொடங்கியது. அம்பாசமுத்திரத்தில் வாழும் ஒருவர், சென்னைப் பதிப்பகம் ஒன்றின் இசைவுக்குக் காத்திராமல் தம் நாவலை உலகெங்கும் உள்ள வாசகருக்கு வழங்கும் நிலை இதனால் உருவாயிற்று. பாரதி கடையத்தில் தேடிய வழி இது எனலாம். ஆனால் ஆய்வு நோக்கில் நான்கு இடர்ப்பாடுகள் உள்ளன.

முதலாவது, பாடத்தின் நிலையின்மை. மின்னூலின் திருத்திய வடிவத்தை ஆசிரியர் அதே தலைப்பின்கீழ் ஏற்றும்போது கடையில் முந்தைய வடிவம் மறைகிறது. தொடர்கதைத் தளங்களில் அத்தியாயங்களை நீக்கவும் இயலும்.

இரண்டாவது, சட்டத்தின் எல்லை. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டம், வெளியீட்டாளர் ஒவ்வொரு நூலின் படியையும் கொல்கத்தா தேசிய நூலகத்திற்கும் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட பிற மூன்று பொது நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்கிறது. அச்சு நூலைக் கருதி இயற்றப்பட்ட அச்சட்டத்தில் மின்னூலுக்கு வெளிப்படையான இடமில்லை. கிண்டில் வெளியீட்டுக்குப் பன்னாட்டுத் தரப்புத்தக எண் கட்டாயமன்று. கடை தரும் அடையாள எண்ணே போதும். எனவே இத்தகைய நூல் எந்தத் தேசிய நூற்பட்டியலிலும் இடம்பெறாமலே வாசிக்கப்பட்டு மறையக்கூடும்.

மூன்றாவது, தனியுரிமைக் கட்டுப்பாடு. கிண்டிலின் சந்தா வாசிப்புத் திட்டத்தில் சேரும் ஆசிரியர், தொண்ணூறு நாள் கொண்ட ஒவ்வொரு பருவத்திலும் அதன் மின்வடிவை வேறெங்கும் வெளியிடலாகாது. ஆசிரியர் விரும்பினும் அக்காலத்தில் பொதுச் சேகரத்தில் படியை வைக்க இயலாது.

நான்காவது, வகைப்பாட்டுக் குழப்பம். தெய்வம் தோன்றும் கதை ஆன்மிகத்திலும், பேய் தோன்றும் கதை திகிலிலும், பழம்பட்டினம் தோன்றும் கதை சரித்திரத்திலும் சேர்க்கப்பட வாய்ப்புண்டு. இவ்வளவைகளின்படி ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ முதல்வகையிலும், ‘காஞ்சனை’ இரண்டாம் வகையிலும், ‘கபாடபுரம்’ மூன்றாம் வகையிலும் சென்று சேரும். ஒரே ஆசிரியரின் மிகுபுனைவுகள் மூன்று அடுக்குகளில் பிரிந்துவிடும்.

4. கண்டறியும் முறை

வகைமைப் பெயரைக் கொண்டு தேடுவது பயனளிக்காத இடத்தில் வட்டாரச் சொல்லைக் கொண்டு தேடலாம். பொதிகை, அகத்தியர், கொற்கை, கபாடபுரம், இசக்கி, சுடலைமாடன், பட்டவராயன் ஆகிய பெயர்கள் இப்படுகையின் புனைவுலகுக்கு வாயில்கள். பாபநாசத்திற்கு மேலே காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் வழிபடப்பெறும் பட்டவராயனின் வரலாறு, முத்துப்பட்டன் கதையாக வில்லுப்பாட்டில் வழங்குகிறது. நாங்குநேரியைச் சேர்ந்த நா. வானமாமலை அதனைப் பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டது. இன்றைய எழுத்தாளர் ஒருவர் இத்தெய்வத்தைக் கதைமாந்தராக்கும்போது, வாய்மொழி மரபிலிருந்து அவர் எடுத்ததையும் தாமே புனைந்ததையும் பிரித்தறிய இத்தகைய பதிப்புகளே அளவுகோலாகும்.

கண்டறிந்தவற்றுள் ஆய்வுக்குரியன எவை என்பது அடுத்த வினா. விற்பனை வரிசையும் விண்மீன் குறியீடும் அதற்கு விடையாகா. தஸ்வெதான் தொதரோவ் 1970இல் வெளியிட்ட ஆய்வு, நிகழ்வுக்கு இயற்கை விளக்கம் கொள்வதா, இயற்கை கடந்த விளக்கம் கொள்வதா என்னும் தயக்கத்தையே இவ்வகையின் உயிராகக் கண்டது. ‘காஞ்சனை’ இதற்குப் பொருந்தும். வேலைக்காரியாக வந்தவள் பேயா, கதைசொல்லியின் மனமயக்கமா என்பது இறுதிவரை தீர்வதில்லை. ஆனால் ‘காலனும் கிழவியும்’ கதையில் அத்தயக்கத்திற்கு இடமில்லை. எமன் எமனாகவே வருகிறான். கிழவியின் பேச்சுக்குத் தோற்றுத் திரும்புகிறான். கந்தசாமிப் பிள்ளையோ தாம் நடத்தும் வைத்திய இதழுக்குக் கடவுளிடமே ஆயுள் சந்தா கேட்கிறார். இயற்கை கடந்தது அன்றாட வாழ்வின் பேரம், பேச்சு, பசி ஆகியவற்றுக்கு முன் சோதிக்கப்படுவதே இக்கதைகளின் தனித்தன்மை. தொதரோவின் வரையறையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் தமிழின் சிறந்த மிகுபுனைவுகளுட் சில விடுபடும். புதிய தற்சார்புப் படைப்பை அணுகும்போதும், அதன் விந்தை அவ்விடத்தின் வாழ்வோடும் உறவுமுறைகளோடும் மோதுகிறதா, வெறும் அலங்காரமாக நிற்கிறதா என்று வினவுவது தக்கது.

தெரிவுசெய்த படைப்புக்கு ஒரு பதிவேடு வேண்டும். முதல் வெளியீட்டு நாள், தளம், அடையாள எண், புனைபெயர், ஆய்வாளர் படித்த நாள், அந்நாளைய பாடத்தின் தொடக்கமும் முடிவும், திருத்த வடிவங்கள் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். இயற்பெயரை ஆசிரியரின் இசைவின்றி வெளியிடலாகாது. இயலுமிடத்து அவருடைய எழுத்துவழி இசைவுடன் ஒரு படியைப் பல்கலைக்கழக நூலகத்தில் வைக்கலாம். படைப்பாக்கப் பொதும உரிமத்தில் மின்னூல்களை வழங்கும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் போன்ற தன்னார்வ முயற்சிகள் இதற்கு முன்மாதிரியாக உள்ளன. 1990இல் நிறுவப்பெற்ற மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும், நாட்டார் வழக்காற்றியல் துறையுடைய பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியும் இப்பணிக்கு இயல்பான களங்கள்.

முடிவுரை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கிறது. ஒரு மின்னூல் கணக்கு அத்தனை ஆண்டுகள் நிலைத்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. உரிமை இருந்தும் நூல் இல்லாத நிலை ஏற்படக்கூடும். மணிக்கொடியின் பழைய இதழ்களைத் தேடியவர்களுக்குத் தாளேனும் எஞ்சியிருந்தது. இன்றைய படைப்புகளைப் பொறுத்தவரை, பின்னாளில் தேடிக்கொள்ளலாம் என்று காத்திருப்பதற்கு இடமில்லை. இலக்கிய வரலாற்றாசிரியர் பிற்காலத்தே ஆற்றிவந்த காலங்குறித்தல், பாடங்காத்தல் ஆகிய பணிகளைச் சமகால வாசகரே படிக்கும்போதே செய்தாக வேண்டும். தாமிரபரணிக் கரையிலிருந்து இன்று எழுதும் பெயர் அறியாத ஒருவர் நாளை ஆராயப்படுவாரா என்பது, அவருடைய எழுத்தின் தகுதியோடு இப்பதிவையும் சார்ந்துள்ளது.