வீட்டு முகவரின் பலம் அவர் அறிந்த ஆட்கள்

மலேசியாவில் வீடு விற்றுக் கொடுக்கும் முகவருக்குப் பேச்சுத் திறன் மட்டும் போதாது. விற்பவர் இவரிடம் இருப்பார். வாங்குபவரோ வேறொரு நிறுவனத்தின் முகவரிடம் இருப்பார். இருவரும் சேர்ந்து விற்பனையை முடித்துக் கமிஷனைப் பகிர்ந்துகொள்வது இத்தொழிலில் அன்றாட வழக்கம். கமிஷனின் உச்சவரம்பு 3 விழுக்காடு. அதில் பாதி கிடைத்தாலும் விற்காமல் கிடக்கும் வீட்டை விட மேல்தானே!

வங்கிக் கடன் மதிப்பீட்டாளர் போடும் விலையைப் பொறுத்தது. அது பேசிய விலைக்குக் கீழே வந்தால், மிச்சத்தை வாங்குபவரே ரொக்கமாகப் போட வேண்டும். மதிப்பீட்டாளரையும் வங்கி அதிகாரியையும் அறிந்த முகவர், முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதை விசாரித்துச் சொல்லிவிடுவார். குத்தகை நிலத்து வீடென்றால் பெரும்பாலும் மாநில அரசின் ஒப்புதல் தேவை; அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். நில அலுவலக நடைமுறை தெரிந்த வழக்கறிஞர் அப்போதுதான் கைகொடுப்பார்.

தோட்டத்தை விட்டு வெளியேறி, கையிலுள்ள சேமிப்பில் முதல் வீடு வாங்கும் குடும்பத்துக்கு இந்த விவரங்கள் உயிர்நாடி. அதற்காக, "நமக்குத் தெரிந்தவர்" என்று யாரிடமும் பணத்தை நீட்டிவிடக் கூடாது. 1981ஆம் ஆண்டின் 242ஆவது சட்டப்படி, பதிவு பெறாதவர் வீட்டுத் தரகு செய்வது குற்றம். 300,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். பதிவு பெற்றவரிடம் அடையாள அட்டை இருக்கும், கேட்டுப் பார்க்கலாம். முன்பணமும் அவருடைய சொந்தக் கணக்கில் அல்ல, நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில்தான் சேர வேண்டும்.