தலைக்கட்டு வரியும் காதல் மணமும்

சாதி மாறிய திருமணத்தை எதிர்ப்பவர்கள் குடும்ப மானத்தைக் காரணம் காட்டுகிறார்கள். 2012 நவம்பரில் தருமபுரி மாவட்டத்தில் நடந்ததைப் பார்த்தால் அந்தக் காரணம் நிற்காது. வன்னியப் பெண் ஒருவர் தலித் இளைஞரை மணந்தார். பெண்ணைத் திருப்பி அனுப்பும்படி பெண்ணின் தரப்பினர் நெருக்கினார்கள். பெண்ணின் தந்தை இறந்ததும் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. வெளியூரில் கூலிவேலை செய்து சிறுகச் சிறுகச் சேர்த்த பண்டபாத்திரங்களும் துணிமணிகளும் சாம்பலாயின. அந்த வீட்டுக்காரர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்தத் திருமணத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டு குடும்பங்களின் மனத்தாங்கல் என்றால் மூன்று ஊர்கள் ஏன் எரிய வேண்டும்? சொந்தச் சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் விளக்கினார். ஒரு பெண் தானே துணையைத் தேர்ந்தெடுத்தால் சாதியின் வேலி அங்கே அறுந்துபோகிறது. 1989க்குப் பிறகு தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சட்டப்படி பங்கு உண்டு என்பதால் நிலம் கைமாறும் அச்சமும் கூடவே வருகிறது.

பெற்றோர் பிள்ளையின் நன்மைக்குத்தானே தடுக்கிறார்கள் என்று கேட்கலாம். நன்மை கருதுபவர் மாப்பிள்ளையின் குணத்தையும் பிழைப்பையும் விசாரிப்பார். இங்கே சாதி தெரிந்ததுமே விசாரணை முடிந்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு: மனம் இளகும் பெற்றோரையும் ஊர் விடுவதில்லை. கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வசூலிக்கும் தலைக்கட்டு வரியை அவர்களிடம் வாங்க மாட்டார்கள், நல்லது கெட்டதுக்கு வர மாட்டார்கள். மகளை ஏற்றுக்கொண்டால் தங்கள் சாவுக்கும் ஆள் வராது என்ற பயம் சாதாரணமானதல்ல. அதனால் எல்லாப் பழியையும் பெற்றோர்மீது மட்டும் சுமத்துவது உண்மையை மறைக்கும்.

படிப்பு பெருகினால் தானே சரியாகிவிடும் என்பதும் நம்பத்தக்கதாக இல்லை. 2011-12இல் நடந்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வின்படி நாட்டில் சாதி கடந்த திருமணங்கள் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில்தான் இருந்தன. 2016இல் உடுமலைப்பேட்டையில் சாதி மாறி மணந்ததற்காகப் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட இளைஞர் பொறியியல் படித்தவர். தேவைப்படுவது உடனடிப் பாதுகாப்பு. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் 30 நாள் முன்னறிவிப்புக் கேட்கிறது; துரத்துபவர்களுக்கு அதுவே அவகாசம். அந்த விதி போக வேண்டும். மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்கவும், பாதுகாப்பு இல்லங்களை ஏற்படுத்துவது பற்றி மாநிலங்கள் பரிசீலிக்கவும் உச்ச நீதிமன்றம் 2018இல் கூறியது. ஓடிவரும் இருவர் நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் திறக்கும்படி அவை எல்லா மாவட்டங்களிலும் இயங்க வேண்டும்.