கிளேர்ஸ்ஹோம்: ஒரு பழைய கிராமியத் தொகுதி

கனடா தேசத்து ஆல்பர்ட்டா மாகாணத்தின் தென்பகுதியில், கோதுமை வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் பரந்து கிடக்கும் இப்பிரதேசம், 1909-ஆம் ஆண்டுத் தேர்தல் முதற்கொண்டு மாகாணச் சட்டசபைக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பி வந்தது. முதல் இருவரும் லிபரல் கட்சியினர். அவர்களைப் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஸ்திரீகளுக்கு வாக்குரிமை கிடைத்த மறு வருஷம், 1917 ஜூன் 7-ஆம் நாள் நடந்த தேர்தலில், உழவர்களின் குறைகளை முன்வைத்துக் கிளம்பிய நான்-பார்ட்டிசன் லீகின் சார்பில் நின்ற லூயிஸ் மக்கின்னி அம்மையாரை இத்தொகுதி மக்கள் தேர்ந்தெடுத்தமையால், பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுவதிலும் சட்டசபை அங்கத்தினராகப் பிரமாணம் செய்துகொண்ட முதற்பெண்மணி என்னும் கீர்த்தி, லண்டன் மாநகருக்கும் அன்று வாய்க்காத அந்தக் கீர்த்தி, இச்சிற்றூர்களின் வாக்கினால் அவருக்கு எய்திற்று. மதுவிலக்கில் அசையாத பற்றுக் கொண்ட அவ்வம்மையார், குடியிருந்த வீட்டையும் நிலத்தையும் இழந்து நிராதரவாய் நின்ற மனைவியரின் துயரை உளமாரக் கருதி, குடும்ப வீட்டின்மீது அவர்களுக்கு உரிமை தரும் சட்டத்துக்காகப் பாடுபட்டார். 1921-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் தோல்வியுற்றார். ஆயினும், செனட் சபைக்குப் பெண்களும் தகுதியுடையோரே என்று 1929-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த வழக்கைத் தொடுத்த ஐவருள் அவரும் ஒருவர். தொகுதியோ பிற்காலத்தில் அண்டையிலுள்ள நான்டனுடன் இணைக்கப்பட்டது.